நோய்க்குப் பெயர் தெரியும்வரை

பல்லாவரத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் திருநீர்மலைக் குன்று கண்ணில் படும். 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது இவ்வூரும் அதனுள் அடங்கிற்று. குன்றின்மீதுள்ள வைணவத் தலத்தைப் பற்றி இங்குள்ளோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்றுண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாம். அது வடியும்வரை அவர் ஆறு மாதம் காத்திருந்தாராம். நீர் சூழ்ந்த மலையாதலின் திருநீர்மலை ஆயிற்று என்பர்.

ஆறு மாதக் காத்திருத்தலையே ஊர் இத்தனை நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஆறு ஆண்டு, பத்து ஆண்டு என்று காத்திருப்போரும் உலகில் உளர். அவர்கள் காத்திருப்பது தங்கள் நோய்க்கு ஒரு பெயர் தெரிவதற்காக. அந்நோயை மருத்துவர்கள் 'மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்' என்பர். நம் அரசுத் தாள்களில் அது 'தண்டுவட மரப்பு நோய்' என்று குறிக்கப்படுகிறது. குடும்ப வாசகர்களாகிய நாம் அதைப் பற்றி ஏன் அறியவேண்டும்? பெயர் தெரியாத அந்த ஆண்டுகளில் நோயாளியின் முதல் மருத்துவர் அவருடைய குடும்பமே. அம்மருத்துவர் தவறினால் மற்றவர் வருமுன் பெருங்கேடு விளைந்துவிடும்.

வந்து போகும் நோய்

குன்றின் அடிவாரத்துத் தெரு ஒன்றில் வாழும் ஓர் இல்லத்தரசியை மனக்கண்முன் நிறுத்துவோம். வயது இருபத்தெட்டு; இரு குழந்தைகளுக்குத் தாய். கணவர் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்கிறார். இப்பெண் நாம் கற்பித்துக்கொண்டவரே. ஆயினும் இவர் படும் பாடு நாம் கற்பித்ததன்று. இந்நோய் கண்டவர் பலர் இதைப் போன்ற வரலாற்றையே சொல்லுகின்றனர்.

ஒரு நாள் காலையில் அவருக்கு வலக்கண் மங்குகிறது. புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சிவப்புப் புடவை வெளிறித் தெரிகிறது. "கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்" என்கின்றனர் வீட்டார். கண்ணாடியும் வாங்குகின்றனர். சில வாரங்களில் பார்வை தெளிந்துவிடுகிறது. கண்ணாடியால் வந்த பயன் என்று எல்லாரும் மகிழ்கின்றனர். உண்மையில் பார்வை தானாகவே மீண்டது.

ஓராண்டு கழிகிறது. இடக்கால் மரத்துப் போகிறது. இடுப்பைச் சுற்றி யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல் ஓர் உணர்ச்சி. ஞாயிறு பூசையில் தலைகுனியும்போது பிடரியிலிருந்து முதுகு வழியே மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு சொடுக்கு. ஒரு மருத்துவர் கழுத்துக்குப் பட்டை அணியச் சொல்லுகிறார். மற்றொருவர் சத்து ஊசி எழுதித் தருகிறார். இதுவும் சில வாரங்களில் பெருமளவு தணிகிறது. இம்முறை புகழ் ஊசிக்குப் போகிறது. ஓராண்டுக்கு முன் மங்கிய கண்ணுக்கும் இன்று மரத்த காலுக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கண் மருத்துவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. எலும்பு மருத்துவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பெண்ணும் சொல்லவில்லை.

அடுத்துக் கத்திரி வெயில் வருகிறது. குரோம்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகையில் கால் இழுக்கிறது. கண் மறுபடியும் மங்குகிறது. வீட்டுக்கு வந்து குளிர்ந்த நீரில் உடம்பைத் துடைத்துச் சற்றே படுத்தால் தெளிந்துவிடுகிறது. மாமியாருக்கு ஐயம் எழுகிறது. "காலையிலே நல்லாத்தானே இருந்தே? வேலைன்னு வந்தா மட்டும் கால் வரமாட்டேங்குதா அம்மா?" என்கிறார். கணவர் கடன் வாங்கி இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் எடுக்கச் செய்கிறார். எல்லாம் நன்றாகவே இருப்பதாக முடிவு வருகிறது. மனக்கவலை என்கிறார் ஒருவர். கண்ணேறு என்கிறார் அடுத்த வீட்டார். நாளடைவில் அப்பெண்ணே தம்மை ஐயுறத் தொடங்குகிறார். நோயைவிடக் கொடியது இந்த நிலை.

ஒரே சோதனை போதாதது ஏன்?

இவர்களுள் எவரையும் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். நோயின் இயல்பே அனைவரையும் ஏமாற்றுகிறது.

வீட்டு மின்கம்பியைப் பாருங்கள். உள்ளே செம்பு, மேலே காப்புறை. நம் மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளுக்கும் 'மயலின்' என்னும் கொழுப்பு உறை ஒன்றுண்டு. அவ்வுறை நன்றாக இருந்தால்தான் செய்தி விரைந்து செல்லும். நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை, இந்நோயில் அவ்வுறையையே பகையென மயங்கித் தாக்குகிறது. தாக்கிய இடம் வீங்குகிறது. பின்னர் தடித்து வடுவாகிறது. இத்தகைய வடுக்கள் பல இடங்களில் தோன்றுவதால்தான் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. வீக்கம் வடியும்போது உறை ஓரளவு சீர்படுவதால் குறிகள் தணிகின்றன. ஆனால் தாக்குதல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் உறையோடு இழையும் அழிகிறது. அழிந்த இழை திரும்புவதில்லை. வெயிலில் குறிகள் மிகுவதற்குக் காரணமும் இதுவே: உறை குறைந்த நரம்பு உடல் சூடேறும்போது செய்தியைக் கடத்தத் திணறுகிறது. உடல் உழைப்புக்குப் பின் இவ்வாறு பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் உட்டாஃப் எழுதிவைத்தார். ஆகவே காலையில் நன்றாக இருந்து நண்பகலில் கால் தடுமாறுவது நடிப்பாகாது.

நம் பகுதி நோய்க்குப் புதியதன்று. தாம்பரம் சானடோரியத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் ஓர் ஊருக்கே பெயர் வந்தது. காசநோய் நுரையீரலில் இருந்தால் சளியைச் சோதித்துப் பெரும்பாலும் உறுதி செய்துவிடலாம். தண்டுவட மரப்பு நோய்க்கு அத்தகைய ஒற்றைச் சோதனை இன்றளவும் இல்லை. காசநோய், மேகநோய், 'பி 12' சத்துக் குறைவு, லூபஸ் போன்றவையும் இதே குறிகளைக் காட்டக்கூடும். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே மருத்துவர் இப்பெயரைச் சொல்ல இயலும்.

மன்னரின் பேரர் எழுதிய நாட்குறிப்பு

ஏழைகளுக்குத்தான் நோயின் பெயர் தெரியாமற் போகிறது என்று எண்ணவேண்டா. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் தெஸ்தே என்பவர் 1794ஆம் ஆண்டு பிறந்தார். 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தந்தையைப் போல் தாம் அன்பு பாராட்டிய உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்து சென்றார். சென்றபோது அவர் இறந்திருந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் தெஸ்தேயின் பார்வை மங்கிற்று. கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்லவேண்டியதாயிற்று. பின்பு மருந்தேதுமின்றிப் பார்வை திரும்பிற்று. துயரத்தால் வந்தது என்றே யாரும் நினைத்திருப்பர்.

1827ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருந்தபோது பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தன. அதன்பின் கால்களின் வலுக் குன்றிற்று. அரச குடும்பத்தவர் ஆதலால் மருத்துவருக்குக் குறைவில்லை. ஒருவர் நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சியும் மதுவும் உட்கொள்ளச் சொன்னார். கனிமநீரில் குளித்தார், தைலம் தேய்த்தார், மின்சாரமும் பாய்ச்சிப் பார்த்தார். எதுவும் பயன் தரவில்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார். தமக்கு நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் நாட்குறிப்பில் எழுதி வந்தார். 1848ஆம் ஆண்டு இறக்கும்வரை தம் நோயின் பெயரை அவர் அறியவில்லை.

அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1868ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் மருத்துவர் ழான் மார்த்தேன் ஷார்கோ இந்நோயைத் தனி நோயென வகுத்து விளக்கினார். 1948ஆம் ஆண்டு டக்ளஸ் பர்த் என்பவர் தெஸ்தேயின் நாட்குறிப்பை வெளியிட்டபோது நோய் இன்னதென்று தெளிந்தது. இறந்து நூறாண்டு ஆன ஒருவரின் நோயைப் பிறர் கண்டறிய உதவியவை, தேதியிட்டு எழுதிய அந்தக் குறிப்புகளே. அப்படியானால் உயிரோடிருக்கும் நம் வீட்டு நோயாளிக்கு ஒரு குறிப்பேடு எவ்வளவு பயன் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புனித லித்வினா

நம் திருச்சபை வரலாற்றிலும் இதனையொத்த வாழ்வு ஒன்றுண்டு. ஹாலந்து நாட்டின் ஸ்கீடாம் நகரில் 1380ஆம் ஆண்டு பிறந்த லித்வினா, பதினைந்தாம் வயதில் பனிக்கட்டியின்மேல் தோழியரோடு சறுக்கி விளையாடுகையில் விழுந்து விலா எலும்பு முறிந்தார். அதன்பின் அவர் நலம் பெறவில்லை. நடை தளர்ந்தது, பின்னர் படுக்கையே வாழ்க்கையாயிற்று. ஒரு கண் பார்வை இழந்தது. 1433ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்ற நூலால் நாம் அறிந்த தாமஸ் கெம்பிஸ் அடிகள் இவர் வரலாற்றையும் எழுதியுள்ளார். நெடுநாள் நோயாளரின் பாதுகாவலியாக இவர் போற்றப்படுகிறார்.

லித்வினாவுக்கு இருந்தது தண்டுவட மரப்பு நோயாக இருக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டு மருத்துவர் சிலர் எழுதினர். அவர் வரலாற்றில் வரும் வேறு சில குறிகள் இந்நோய்க்குப் பொருந்தாமையால் அதனை உறுதியாகக் கொள்வதற்கில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவருடைய ஊர்ப் பங்குக் குருவே அவர் சொல்லை நம்பாமல், அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்துச் சோதித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அது பேயின் வேலை என்ற பேச்சும் எழுந்தது. புனிதை ஒருவரே ஐயத்துக்கு ஆளானார் எனில், நம் வீட்டு மருமகளை ஐயுறுமுன் நாம் இருமுறை எண்ணவேண்டாமா?

நம் காலத்துக்கு அணித்தான சான்றும் உண்டு. ஆங்கிலேய இசைக்கலைஞர் ஜாக்குலின் டூ ப்ரே செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியால் உலகப் புகழ் பெற்றவர். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் விரல்கள் உணர்ச்சி இழக்கலாயின. மனப்போராட்டமே காரணம் என்று எண்ணப்பட்டது. அவரும் அவ்வாறே நம்பினார். 1973ஆம் ஆண்டு நோயின் பெயர் தெரிந்தபோது அவருக்கு வயது 28. தாம் மனத்தளவில் தோற்றவரல்லர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெளிவாயிற்று. 1987ஆம் ஆண்டு, 42ஆம் வயதில் மறைந்தார்.

மருத்துவர் தேடும் இரண்டு சான்றுகள்

இந்நோயை உறுதிப்படுத்த மருத்துவர் இரண்டு சான்றுகளைத் தேடுகின்றனர். முதலாவது, தாக்குதல் ஓர் இடத்தில் மட்டுமன்றி நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்ததா என்பது. இரண்டாவது, அது வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்ததா என்பது. முற்காலத்தில் இதற்காக இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. காத்திருக்கும் காலம் மாதங்களாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

1981ஆம் ஆண்டு எம்.ஆர்.ஐ. படத்தில் இந்நோயின் வடுக்கள் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டப்பட்டன. 2001ஆம் ஆண்டு 'மெக்டொனால்டு நெறிகள்' என்ற விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அவை பலமுறை திருத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கண் நரம்பும் நோய் தாக்கும் இடங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. படம் எடுக்கும்போது மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினால், புதிய வீக்கம் ஒளிர்ந்து தெரியும். பழைய வடு ஒளிராது. ஆகவே ஒரே நாளில் இரு காலத்துத் தாக்குதல்களைக் காண இயலும். முதுகுத் தண்டிலிருந்து சிறிது நீர் எடுத்துச் சோதிப்பதும் துணை செய்யும். முதுகில் ஊசி என்றதும் அஞ்சுவோர் பலர். முறையாகச் செய்தால் அது கால்களை முடக்குவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 'நியூரோமைலைடிஸ் ஆப்டிகா' என்னும் மற்றொரு நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். அதனைப் பிரித்தறிய உதவும் இரத்தச் சோதனை 2004ஆம் ஆண்டு வெளிவந்த கண்டுபிடிப்பால் அமைந்தது. தண்டுவட மரப்பு நோய்க்குரிய மருந்துகளுள் சில, இந்நோய் உள்ளவருக்குத் தீங்கு செய்யும். ஆகவே பெயர் தாமதமானாலும் கேடு. பெயர் தவறினாலும் கேடு. மருத்துவர் சற்றுப் பொறுமையாக ஆய்வதைக் குறை கூறலாகாது.

நம் நாட்டில் இந்நோய் குளிர்நாடுகளைவிடக் குறைவு. மங்களூரில் நடந்த ஓர் ஆய்வு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 பேர் என்று கணித்தது. உலகெங்கும் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலோர்க்கு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்கு அல்லது அதற்கும் மேலாக வருகிறது. இது தொற்றுநோயன்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரே இறங்குவதுமன்று. கை கால் மரத்துப் போவோரில் மிகப் பலருக்குச் சர்க்கரை நோயோ சத்துக் குறைவோ காரணமாயிருக்கும். எனவே அச்சம் வேண்டா, விழிப்பு வேண்டும்.

பெயர் தெரிந்தபின்

பெயர் தெரிந்து என்ன பயன் என்று முன்பு கேட்டிருக்கலாம். இன்று அக்கேள்விக்கு இடமில்லை. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'இன்டர்பெரான் பீட்டா' என்ற ஊசி மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்து அதுவே. பின்னர் மாத்திரைகளும், நரம்பில் ஏற்றும் மருந்துகளும் பல வந்துள்ளன. உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இந்நோய்க்குரிய மூன்று மருந்துகளைச் சேர்த்தது. இவை நோயை வேரோடு நீக்குவதில்லை, தாக்குதல்களைக் குறைக்கின்றன. அழிந்த இழையை எம்மருந்தாலும் மீட்க இயலாதாகையால், விரைவில் தொடங்கியவர்க்கே பயன் மிகுதி. காத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் உடல் விலை கொடுக்கிறது. திருமணமும் மகப்பேறும் இந்நோயால் தடைபடுவதில்லை. ஆனால் கருவுறுமுன் மருந்துகளைப் பற்றி மருத்துவரோடு பேசுதல் கட்டாயம்.

சிகிச்சைக்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கினால் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே டாக்டர் பி. இராமமூர்த்தி 1950ஆம் ஆண்டு நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார்; இன்று நரம்பியலுக்கென்றே நிலையம் உள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நரம்பியல் பணி ஏறத்தாழ அதே காலம் தொட்டு நடைபெறுகிறது. நோயாளர்க்குத் துணையாக மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் சொசைட்டி ஆப் இந்தியா என்ற சங்கத்தை 1985ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கியவர் ரஹ்முத் பசல்பாய். அவரும் இந்நோயால் வருந்தியவரே. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. வெளியே தெரியாத துன்பமும் துன்பமே என்று சட்டம் ஒப்புக்கொண்டதற்கு இதுவே சான்று.

இல்லத்தார் செய்யக்கூடியவை

முதலாவதாக, நம்புங்கள். சோதனைத் தாளில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு, அந்தச் சோதனையில் தெரியவில்லை என்பதே பொருள். நோயில்லை என்று பொருளாகாது.

இரண்டாவதாக, எழுதுங்கள். பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்தத் தேதியில் எந்தக் கண் மங்கியது, எத்தனை நாள் நீடித்தது, எந்தக் கால் மரத்தது, வெயிலில் மிகுந்ததா, சிறுநீர் அடக்க முடியாமற் போனதா, எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று வரிசையாகக் குறியுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் படங்களையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்த நோட்டும் பையும் உடன் செல்லட்டும்.

மூன்றாவதாக, ஒரு கண் வலியோடு மங்கிச் சில நாட்கள் நீடித்தாலும், ஒரு பக்கம் மரத்தோ தளர்ந்தோ ஒரு நாளுக்கு மேல் இருந்தாலும், பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தாலும், தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைக் காணுங்கள். திடீரென ஒரு பக்கம் செயலிழந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது.

நான்காவதாக, வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இந்நோயில் வரும் களைப்பு தூங்கி எழுந்தால் நீங்கும் களைப்பன்று. வெயிலேறுமுன் காலையிலேயே கனமான வேலைகளை முடித்து, நண்பகலில் ஓய்வு கொடுத்தால் அவரால் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர முடியும்.

ஆண்டுதோறும் மே 30ஆம் நாள் இந்நோய்க்குரிய உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சென்னையில் வெயில் கடுமையாகக் காயும் காலம் அது. குன்றின் அடிவாரத்தில் நாம் கண்ட அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். கால் இழுக்க இழுக்க அவர் வாசற்படி ஏறி வருகிறார். மாமியார் ஒரு செம்பு தண்ணீரை அவர் கையில் கொடுத்து, "உட்காரு அம்மா, எப்ப ஆரம்பிச்சுது சொல்லு" என்று கேட்டு, பேத்தியை அழைத்து அதை நோட்டில் எழுதச் சொல்லுகிறார். நோயின் பெயர் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் அக்குடும்பத்தில் மருத்துவம் அந்த நாழிகையிலேயே தொடங்கிவிட்டது. நம் இல்லங்களிலும் அவ்வாறே நிகழ்க.